ஆளுக்கு ஓர் எலும்பு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு என்றால் ஒரு சட்டம் உண்டு. எலும்பை உறிஞ்சலாம், தட்டில் தட்டி மஜ்ஜையை எடுக்கலாம். நுனியைக் கடித்து உடைக்கக் கூடாது. உடைத்தால் சத்யா அத்தையின் முகம் வாடிவிடும். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அவள் ஓர் அலுமினியச் சட்டியோடு சுற்றி வந்து ஒவ்வொரு தட்டிலிருந்தும் எலும்பை வாங்கிக்கொள்வாள். விருந்தாளிகள் இருந்தாலும் வருவாள். அம்மாவுக்கு மானம் போகிற நேரம் அதுதான்.

"வீட்ல நாய் வளக்குறீங்களா?" என்று ஒரு தடவை அப்பாவின் ஆபீஸ் நண்பர் கேட்டார்.

"இல்லீங்க, காலேஜுக்கு" என்றாள் அத்தை.

அந்த மனிதர் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் காபி மட்டும்தான் குடிக்கிறார்.

முழுப் பெயர் சத்யப்ரியா. என் அப்பா ரமேஷ்பாபுவின் தங்கை. டாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட்டில், பால்கனியை அடைத்துக் கட்டின அறை அவளுடையது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொல்லுவாள். எல்லாம் நல்ல பதில்கள். கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்பதில்லை. வேலை, ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில். அங்கே ஒரு மியூசியம் உண்டு. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மியூசியம் இல்லை. ஓர் அறை, சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க எலும்பு, தோல், இறகு, பாட்டிலுக்குள் வெளுத்துப்போன மீன். அதைப் பார்த்துக்கொள்வதும், அதை வைத்து பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதும் அவள் வேலை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை.

எங்கள் தெருப் பிள்ளைகள் அவளை ஹாடு மாஷி என்பார்கள். வங்காளத்தில் ஹாடு என்றால் எலும்பு, மாஷி என்றால் சித்தி. அந்தப் பேரை முதலில் யார் வைத்தது என்பது இங்கே முக்கியமில்லை.

மட்டன் எலும்பு என்ன ஆகிறது என்றால், பழைய குக்கரில் சோடா உப்புப் போட்டு வேகும். அந்தக் குக்கரைத் தொட்டாலே அம்மா குளிக்கச் சொல்லுவாள். வெந்ததைத் தேய்த்துக் கழுவி, மொட்டைமாடியில் அம்மாவின் வடகத்துக்குப் பக்கத்தில் காய வைப்பாள் அத்தை. புதுப் பிள்ளைகள் முதலில் கை பழகுவது இந்த எலும்புகளில்தான். பழகின பிறகுதான் மியூசியத்து எலும்பு. ஒரு நாள் காக்கா ஒன்று ஆட்டின் முழங்கால் சில்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வடகத்தைத் தூக்கியிருந்தால் அம்மா கத்தித் தீர்த்திருப்பாள். அத்தை கத்தவில்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராத்திரி சாப்பிடும்போது, "அதோட ஜோடி மட்டும் தனியா கெடக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். ஆனால் பாதியில் நின்றுவிட்டது, ஏன் என்று தெரியவில்லை.

எலும்புமேல் இவ்வளவு பாசம் எப்படி வந்தது? அத்தையே சொல்லுவாள், அதுவும் ஒவ்வொரு வருஷமும், புது வகுப்பின் முதல் நாளில். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா இராஜமாணிக்கத்துக்கு அங்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அத்தை படிப்பில் புலி. விலங்கியல் எடுத்தாள். கைடு புத்தகத்தில் இருக்கிற படமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். கல்லூரியில் ஓர் எலும்பு அலமாரி இருந்தது, பூட்டி இருந்தது. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலும்பு, இந்தப் பக்கம் நாங்க. மூணு வருஷம் இப்படியே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தோம்" என்பாள்.

கடைசி வருஷ பிராக்டிகல் பரீட்சையில்தான் அலமாரியைத் திறந்தார்கள். வெளியிலிருந்து வந்த பரீட்சைக்காரர் முயலின் தோள்பட்டை எலும்பு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இது வலதா, இடதா?"

"இடது சார்."

"எப்படிச் சொல்றே?"

"புக்ல இப்படித்தான் சார் இருக்கு."

"சரி, புக்கை கவுத்துப் பிடிச்சா?"

அத்தை எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைடு புத்தகத்தில் இருந்த எலும்பெல்லாம் இடது பக்கத்து எலும்பு. உலகத்தில் வலது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பிராக்டிகலில் போய்விட்டது, ஒரு வருஷமும் போய்விட்டது.

பதினொன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதால், இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஃபெயில் ஆனதை அத்தை யாரிடமும் மறைத்ததே இல்லை. சாமி கும்பிட்டு ஆரம்பிக்கிற மாதிரி அதைச் சொல்லித்தான் வகுப்பை ஆரம்பிப்பாள்.

மியூசியம் வேலைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் அலமாரிகளைத் திறந்து வைத்தது. இரண்டாவது காரியம், அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்தது. பைக்குள் ஓர் எலும்பு இருக்கும். உள்ளே கையை விடலாம், கண்ணை விடக் கூடாது. இது வலதா இடதா, எது மேல் பக்கம், இந்தப் பிராணி என்ன சாப்பிட்டிருக்கும் என்று கையாலேயே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வெளியே எடுக்கலாம். பெயர் கடைசியில்தான். சில பேருக்குக் கடைசி வரைக்கும் பெயர் சொல்லமாட்டாள். "பேரைச் சொல்லிட்டா பாக்கறதை நிறுத்திடுவாங்கடா" என்பாள்.

போன குளிர்காலத்தில் சிக்கல் வந்தது. துறைக்குக் கம்ப்யூட்டர் லேப் வேண்டும், அதற்கு மியூசியம் அறைதான் வசதி என்று முடிவானது. எலும்பு எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி சால்ட் லேக்கில் இருக்கும் கிடங்குக்குப் போகும். பெட்டி ஒட்டப்பட்டால் பிறகு யார் திறப்பார்கள்? மறுபடியும் எலும்பு அந்தப் பக்கம், பிள்ளைகள் இந்தப் பக்கம். இந்தத் தடவை நடுவில் கண்ணாடிகூட இல்லை.

துறைத் தலைவர் டாக்டர் முகமது இஸ்மாயில் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது அவரைக் கெட்டவர் ஆக்கினால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவர் ஒத்துழைக்கவில்லை. அத்தைக்காகக் கமிட்டியில் பேசி ஒரு வழி வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். வெளியூர் நிபுணர் ஒருவர் வந்து ஒரு வகுப்பைப் பார்க்க வேண்டும். இந்தப் பொருட்கள் பாடத்துக்கு உண்மையிலேயே பயன்படுகின்றன, பொருளுக்குச் சேதமும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தால் அறை பிழைக்கும்.

நிபுணர், கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் ராஜலக்ஷ்மி. தேதி குறிக்க அவர் போன் செய்த அன்று அத்தை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அத்தை போனில் பேசினால் ஸ்பீக்கரில்தான். கையில் எப்பவும் மாவு இருக்கும், இல்லாவிட்டால் எலும்பு.

"பிப்ரவரி மொதல் வாரம் திங்கக்கெழம ஓகேவா உங்களுக்கு? லீவு ஏதும் இல்லையே?"

அத்தை சமையலறைச் சுவரில் இருந்த நாள்காட்டியை முழங்கையால் தூக்கிப் பார்த்தாள். லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க்கடையில் வாங்கின, தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். "இல்லீங்க மேடம், செவப்பு இல்ல."

"எங்க காலண்டர்லயும் இல்ல. அப்ப டிக்கெட் போட்டுடறேன்."

இரண்டு படித்த பெண்கள், இரண்டு தமிழ்க் காலண்டர். சிவப்பு இல்லை, விஷயம் முடிந்தது.

ஒரு வாரம் கழித்துத் தெருப் பையன்கள் வசூலுக்கு வந்தார்கள். சரஸ்வதி பூஜைக்கு. என்றைக்கு என்று கேட்டேன், சொன்னார்கள். அந்தத் திங்கட்கிழமை. நான் கதவைச் சாத்தக்கூட மறந்து சிரித்தேன்.

எங்களுக்கு சரஸ்வதி பூஜை அக்டோபரில் நவராத்திரியோடு சுண்டல் தின்று முடிந்துவிட்டது. வங்காளத்தில் அது வசந்த பஞ்சமி அன்றைக்கு. எங்கள் காலண்டரில் அந்தத் தாளின் அடியில், நல்ல நேரத்துக்கும் கீழே, எறும்பு அளவில் வசந்த பஞ்சமி என்று போட்டிருந்தது. பிறந்ததிலிருந்து இந்த மண்ணிலேயே இருக்கிற அத்தை, காலேஜில் வருஷா வருஷம் அந்தப் பூஜையின் பருப்புச் சோறான கிச்சுரியை வாங்கித் தின்கிற அத்தை, தமிழ்க் காலண்டரைப் பார்த்து ஏமாந்துபோனாள். இங்கே பண்டிகை வருவது தெருவில் பந்தல் மூங்கில் வந்து இறங்கினால்தான் தெரியும், ஜனவரி ஆரம்பத்தில் மூங்கில் ஏது?

"சிரிக்காதேடா எருமை" என்று சொல்லிவிட்டு அத்தை இஸ்மாயில் சாருக்குப் போன் போட்டாள். அவர் வங்காளத்தில் சொன்னதை நான் தமிழில் தருகிறேன், அக்கா என்கிற 'தீதி'யை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"தேதியைத் தள்ள முடியாது தீதி. அந்த வாரக் கடைசியில லாரி வருது. பசங்க வருவாங்களா, வருவாங்க. அன்னிக்கு வராத பையனே கிடையாது. ஆனா ஒருத்தனும் பேனாவைத் தொடமாட்டான். அன்னிக்குப் புத்தகமும் பேனாவும் தேவி காலடியில. கமிட்டி ஃபாரத்துல முதல் கேள்வியே என்ன தெரியுமா? மாணவர் எழுதின விடைத்தாள் எங்கே."

போனை வைத்த பிறகு அத்தை பிசைந்த மாவையே மறுபடி பிசைந்தாள். அன்றைக்கு ரொட்டி ரப்பர் மாதிரி இருந்தது. எல்லாரும் மென்று விழுங்கினோம். நான்கூட.

அந்தத் திங்கட்கிழமை கிச்சுரி சாப்பிட நானும் போனேன். அன்றைக்கு எந்தக் கல்லூரிக்குள்ளும் யாரும் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள். எங்கே பார்த்தாலும் மஞ்சள் புடவை. முதல் முதலாகப் புடவை கட்டினவர்கள் எல்லாம் இரண்டு கையாலும் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கீழ்த்தளக் கூடத்தில் பந்தல் போட்டுச் சிலை வைத்திருந்தார்கள். வெள்ளை சரஸ்வதி, காலடியில் புத்தகக் குவியல், பக்கத்தில் வெள்ளை அன்னம். அதன் கழுத்து மடித்த குடையின் பிடி மாதிரி பின்பக்கமாக வளைந்து, தலை தேவியைத் திரும்பிப் பார்த்தது.

மியூசியம் மாடியில். தேவிக்குப் பூ போட்டு அஞ்சலி முடித்துவிட்டுப் பதினாறு பேர் வந்தார்கள். ராஜலக்ஷ்மி மேடம் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரத்தை விரித்தார். பட்டுப்புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. இஸ்மாயில் சார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மியூசியத்தில் ஒரு விதி உண்டு, பொருள் எதுவும் அறை வாசலைத் தாண்டக் கூடாது. அதை அவர் உடம்பாலேயே காத்தார்.

அத்தை பெஞ்சு பெஞ்சாக விடைத்தாள் வைத்திருந்தாள். ஒரு நப்பாசைதான். தாள்களை யாரும் தொடவில்லை. ஸ்னேகா என்கிற பெண், வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள், எழுந்து நின்றாள்.

"மேம், கோபப்படாதீங்க. உங்களுக்காக என்ன வேணா செய்வோம். ஆனா இன்னிக்கு எழுதினா பரீட்சையில ஊத்திக்கும்."

"இலந்தப்பழத்தையே இன்னிக்குக் காலையிலதான் மேம் தொட்டோம்" என்றான் பக்கத்துப் பையன். பூஜைக்கு முன்னால் இலந்தப்பழம் தின்றாலும் ஃபெயிலாம். நான் டிசம்பரிலிருந்து தின்கிறேன். அதுதான் காரணம் போலிருக்கிறது.

அத்தை தாள்களை எடுத்து அடுக்கினாள். மெதுவாக அடுக்கினாள், அடுக்கினதையே மறுபடி அடுக்கினாள். அவளுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வீட்டில் மாவு பிசைந்த அதே கை. பிறகு அலமாரியைத் திறந்து பெரிய பை ஒன்றை எடுத்து ஸ்னேகாவிடம் நீட்டினாள்.

ஸ்னேகா கையை விட்டாள். வீல் என்று கத்தினாள். "பாம்பு!"

"பாம்புன்னா உடம்பு முழுக்க என்ன ஒட்டியிருக்கும், தடவிப் பாரு."

ஸ்னேகா கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். "மேல சின்னச் சின்னதா இருக்கு... கீழ வர வர பெரிசாகுது. விலா எலும்பு ஒட்டுற இடம் இல்ல. பாம்பு இல்ல மேம். கழுத்து."

வெளியே வந்தது பழுப்பேறின நூலில் கோத்த எலும்பு மாலை. ராஜ்ஹாஷின் கழுத்து. பெரிய வாத்துக்கும் சரஸ்வதியின் அன்னத்துக்கும் வங்காளத்தில் ஒரே பேர்தான்.

"மேம், அப்ப கீழ நம்ம தேவி பக்கத்துல நிக்கறதுக்கும் இதேதானா?" என்றாள் ஸ்னேகா. "அந்தக் கழுத்து அப்படி வளையுமா? ஒடிஞ்சிடாது?"

சைதன்யா என்கிற பையன் துள்ளி எழுந்தான். அந்த வருஷ பூஜைச் செயலாளர். "ஏய், அது நானே சிலை செய்யற குமர்டுலிக்குப் போய் பாத்துப் பாத்து வாங்கின ஹாஷ்! அதுக்கு ஒண்ணும் ஒடியலை!"

"நீ வாங்கினா வளைஞ்சிடுமா?"

"வளையும்."

"வளையாது."

இஸ்மாயில் சார் வாசலிலிருந்து இருமினார். எலும்பு கீழே போகக் கூடாது. பந்தலுக்குள் எலும்பைக் கொண்டுபோனால் புரோகிதர் விடவும் மாட்டார். சிலையை மேலே கொண்டுவரவும் முடியாது. வரைந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், பேனா கிடையாது.

அப்போது அத்தை கத்தரிக்கோலை எடுத்தாள். ராஜலக்ஷ்மி மேடம் நிமிர்ந்தார். இஸ்மாயில் சார் பாதி எழுந்தார். நறுக். நூல் அறுந்தது.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. வரிசை மாறாம. உங்க எலும்பை முன்னாடி இருக்கிறவன் எலும்போட சேத்து ஆட்டிப் பாருங்க. பின்னாடி இருக்கிறவனோடயும். எந்தப் பக்கம் எவ்வளவு போகுது, எங்க முட்டுது, கைக்குத் தெரியணும். நல்லாத் தெரிஞ்ச பிறகு எலும்பை பெஞ்சுல வெச்சிட்டு, கீழ போய் நீங்களே கழுத்தா நில்லுங்க."

எலும்பு பதினேழு, பிள்ளைகள் பதினாறு. எல்லாரும் திரும்பிப் பின்பெஞ்சைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் ராஜலக்ஷ்மி மேடம் தமிழில்.

"ஒரு எலும்பு கொறையுது மேடம்" என்றாள் அத்தை, அதுவும் தமிழில்.

மேடம் ஃபாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் அந்த அறையில் பேச்சே இல்லை. கடக், கடக் என்று எலும்பு முட்டுகிற சத்தம் மட்டும். உதட்டைக் கடித்துக்கொண்டும் கண்ணை மூடிக்கொண்டும் ஒருத்தரோடு ஒருத்தர் ஒட்டிப் பார்த்தார்கள். எழுத முடியாது, படம் எடுக்கத் தோன்றவில்லை, ஆகவே ஞாபகத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு எலும்பை வரிசையாகப் பெஞ்சில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினார்கள். பந்தலுக்கு முன்னால், கழுத்தைத் தரையில் படுக்கப்போட்ட மாதிரி ஒரு வரிசை. முன்னால் இருப்பவர் தோளில் கை. இடது பக்கம் தொண்டை, வலது பக்கம் பிடரி என்று வைத்துக்கொண்டார்கள். கிச்சுரி வாளியோடு போனவன் நின்றுவிட்டான். யாரோ ஒலிபெருக்கியை அணைத்தார்கள்.

"நடுவுல இருக்கிறவங்க வலது பக்கம் வாங்க!" என்று அத்தை படியில் நின்று சொன்னாள். நடு எலும்புகள் சுலபமாக வளைந்தன. மஞ்சள் கழுத்து அழகாகப் பின்னால் வளைந்தது. சைதன்யாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்ப தலைக்குக் கீழ, முதல் நாலு பேர். அதே பக்கம்."

முதல் நாலு பேரும் நகரவில்லை.

"வாயேன்!" என்றான் சைதன்யா. அவன்தான் முதல் எலும்பு.

"என்னால முடியாது" என்றாள் ஸ்னேகா. அவள் இரண்டாவது. "நான் தொண்டைப் பக்கந்தான் திரும்புவேன். இந்தப் பக்கம் உன்மேல முட்டுது. இன்னும் தள்ளினே, நான் உடைஞ்சிடுவேன்!"

சைதன்யா தன் கையைப் பார்த்தான். அந்தக் கைக்கும் தெரிந்திருந்தது. வரிசையை விட்டு வெளியே வந்து, களிமண் அன்னத்துக்கு எதிரே போய், குடைப்பிடிக் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதன் முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்து, "ரொம்ப வலிக்குதாடா?" என்று கேட்டான். கூடம் முழுக்கச் சிரித்தது. ராஜலக்ஷ்மி மேடம் முன்னால் இருந்தவர் தோளிலிருந்து கையை எடுக்காமல் சிரித்தார்.

மேலே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

இஸ்மாயில் சார் கையில் பை. "பயப்படாதீங்க தீதி, காத்துல உருண்டுடப் போகுதுன்னு எல்லாத்தையும் பத்திரமா உள்ள போட்டுட்டேன்" என்று சொல்லி, பத்திரமாக இருப்பதைக் காட்ட, பையை ஒரு குலுக்கு வேறு குலுக்கினார்.

அத்தை காலிப் பெஞ்சைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. அந்த எலும்புகளில் எண் எதுவும் எழுதவில்லை. காலம் காலமாக அவற்றின் வரிசை இருந்தது அந்த நூலில் மட்டும்தான். நூலை அறுத்தவள் அத்தை, வரிசையைக் கலைத்தது அவர். பொருளுக்குச் சேதம் உண்டா என்பது ஃபாரத்தில் இரண்டாவது கேள்வி. ராஜலக்ஷ்மி மேடம் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் ஃபாரத்தைத் திருப்புகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. சட்டியோடு எலும்பு வாங்க வரும்போது அத்தையை ஒரு நாளும் பாவம் என்று நினைத்ததில்லை. அப்போது நினைத்தேன்.

"குடுங்க சார்" என்றாள் ஸ்னேகா. பையை வாங்கினாள், உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே துழாவினாள். ஒன்றை எடுத்தாள், உடனே விட்டாள். இன்னொன்று. "இது என்னுது."

அடுத்தவன் துழாவினான். "இது நான்."

பை கை மாறி மாறிப் போனது. யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. நடுக்கழுத்தில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தது, ஒரே எலும்பை இரண்டு பேரும் என்னுது என்றார்கள். அத்தை தீர்ப்புச் சொல்லவில்லை. "பக்கத்து வீட்டைக் கேளுங்க" என்றாள். முன்னால் இருப்பவனோடு ஒட்டிப் பார்த்தார்கள். ஒருத்தனுக்கு முட்டியது, ஒருத்தனுக்கு வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. முட்டினவன் தலையைச் சொறிந்தான். ராஜலக்ஷ்மி மேடம் எழுந்து வந்து, ஓரம் லேசாகத் தேய்ந்த தன் எலும்பைத் தானே எடுத்து வைத்தார்.

பெஞ்சில் கழுத்து மறுபடி நீண்டு கிடந்தது. அத்தை ஒவ்வொரு மூட்டாக விரலால் தள்ளிப் பார்த்தாள். கடைசி வரைக்கும் போய் நிமிர்ந்தாள். "சரியா இருக்கு" என்றாள்.

ராஜலக்ஷ்மி மேடம் ஃபாரத்தைக் காட்டினார். "சத்யா, எனக்கு வாயடைச்சுப் போச்சு. ஆனா இதுல எழுத்துச் சான்று கேக்குறாங்க. இல்லைன்னு போட்டா ரூம் போச்சு. இருக்குன்னு பொய் எழுதவும் என்னால ஆகாது."

அத்தை அதை இஸ்மாயில் சாருக்கு வங்காளத்தில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வரிசையைக் கலைச்சது துறைத் தலைவர். எண்ணும் இல்லாம, நூலும் இல்லாம, கையால தடவியே திரும்ப வெச்சது மாணவர்கள். அப்படியே எழுதச் சொல்லுங்க. என் பேரைப் போட்டே எழுதட்டும். அடியில நான் கையெழுத்துப் போடறேன். அதுவும் எழுத்துதானே?"

"உங்களுக்கு அது நல்லாருக்காதே சார்" என்றாள் அத்தை.

"நல்லாருக்காதுதான். என்ன பண்றது, பசங்க கண் முன்னாடிதானே குலுக்கினேன்." சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தொட்டவர், மஞ்சள் புடவைகளைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "எனக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா இன்னிக்கு இவங்க முன்னாடி எழுத வேண்டாம். நாளைக்குக் காலையில வரேன்."

மறுநாள் எழுதினார்கள். லாரி வந்தது, காலியாகத் திரும்பிப் போனது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. பாதி அறையில் இப்போது கம்ப்யூட்டர், பாதியில் அலமாரி. ஒரு கல்வி ஆண்டுக்கு மட்டும் அனுமதி. அடுத்த வருஷம் மறுபடி யாராவது வந்து பார்ப்பார்கள். அத்தையும் இஸ்மாயில் சாரும் இன்னும் ஒரு விஷயத்தில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எலும்பில் எல்லாம் மையால் எண் எழுதிவிடுங்கள் என்கிறார் அவர். எண் எழுதினால் எண்ணைத்தான் பார்ப்பார்கள், எலும்பைப் பார்க்கமாட்டார்கள் என்கிறாள் இவள். ஸ்பீக்கரில் நடக்கிற சண்டை, எனக்கு நல்ல பொழுதுபோக்கு. கடைசியில் ஒவ்வொரு முறையும் அவர், "சரி, குலுக்கமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைப்பார்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு. கழுத்துத் துண்டு எனக்கு வந்தது. வாய்க்குள் போட்டுக் கறியைத் தின்றுவிட்டு, எலும்பை நாக்கால் புரட்டினேன். ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் சின்ன முள். முள் இருப்பதுதான் பிடரிப் பக்கம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அத்தை சட்டியோடு வந்தபோது, "என்னுது விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நானே சோடா உப்புப் போட்டு வேக வைத்து, கழுவி, மாடியில் அவளுடைய எலும்புகளுக்குக் கடைசியில் வைத்தேன். எதிர்வீட்டுத் தொட்டிமேல் அந்தக் காக்கா உட்கார்ந்திருந்தது. எனக்கும் அன்றைக்கு வேறு வேலை இல்லை. காய்கிற வரைக்கும் நின்றேன்.